இயக்கத்துக்குப் போனவர்கள்

புதுச்சேரிப் பிள்ளைச்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், 1984-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு, இலங்கை அகதிகள் முகாம். ஈழத்துக் குடும்பங்களின் பேச்சில் ஒரு வாக்கியம் வரும்: "அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்." ஆயுதக் குழுவில் சேர்ந்ததை, கடைக்குப் போனான் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள்.

ஏன் போனான்?

பொறியியலில் இருந்தே பார்க்கலாம். 1971-இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் வந்த தரப்படுத்தலின்படி, பொறியியல் படிக்கத் தமிழ்வழி மாணவர் 400-க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது; சிங்களவழி மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. இருபத்து மூன்று மதிப்பெண். கொதிக்க இது போதும், துப்பாக்கி தூக்கப் போதவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உருவானவை சிறு சிறு குழுக்கள்தாம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் போனார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றி ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை: தீவிரவாதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்தவர்களில் 71 விழுக்காட்டினர், கடைசியாகத் தங்களைத் தள்ளியது அரசின் செயல் என்றார்கள். உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைதானது.

ஆனால் அதே கலவரத்தைக் கண்ட வீட்டில் அண்ணன் போவான், தம்பி பரீட்சை எழுதுவான். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் என்று ஐந்து கதவுகள். கொள்கை படித்துத் தேர்ந்தவர்கள் உண்டு. பலருக்கோ பக்கத்து வீட்டு அண்ணன் எதில் இருந்தாரோ அதுதான் இயக்கம். இரவில் பயிற்சிக்கு அழைத்துப்போன எந்தப் படகில் இடம் கிடைத்ததோ அதுதான் அரசியல். 1986-இல் புலிகள் டெலோவை அழித்தபோது, படகு மாறி ஏறியவர்கள் எதிரெதிரே நின்றார்கள்.

போர் முடிந்தபின், உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கியின் குழு முன்னாள் புலிகளை ஆராய்ந்தது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற அவமானம் கூடியவர்களிடம் தீவிரப் போக்கும் கூடியிருந்ததாம். (காவலில் இருந்தவர்களிடம் கேட்ட கேள்விகள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.) ஊரே திரும்பிப் பார்க்காத பையன், இயக்கத்துக்குப் போன மறுநாள் ஊர்ப் பேச்சாகிவிடுகிறான்.

இந்த விளக்கமெல்லாம் தாமாகப் போனவர்களுக்கு. பின்னாளில் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கேட்டார்கள், சிறுவர்களையும் விடவில்லை. "பிள்ளை பிடிக்க வாறாங்கள்" என்று தாய்மார் மக்களை ஒளித்தார்கள். மணமானவர்களை எடுக்கமாட்டார்கள் என்று நம்பி, வன்னியில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள்.