ஸ்லோவில் நிற்கும் டிராக்டர் சூடேறுவது ஏன்?

உழும்போது சரியாக இருக்கும் டிராக்டர், வரப்போரம் நிறுத்தி ஸ்லோவில் விட்டால் மட்டும் சூடேறுகிறது என்று விவசாயிகள் சிலர் சொல்வதுண்டு. வேலை செய்யும்போது ஏறவில்லையே என்று இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது தவறு. டீசல் என்ஜின் சுமையில்லாமல் ஓடும்போது மிகக் குறைந்த டீசலையே எரிக்கிறது. அதில் உண்டாகும் சூடும் குறைவுதான். விசிறியும் தண்ணீர் பம்பும் அரைகுறையாக வேலை செய்தால்கூட அந்தச் சூடு வெளியேறிவிடும். அப்படியிருந்தும் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போகிறதென்றால், குளிர்விக்கும் அமைப்பில் ஏதோ ஒன்று பெரும்பாலும் செயலிழந்துவிட்டது என்று கொள்ளவேண்டும். அல்லது மீட்டர் பொய் காட்டவேண்டும்.

கார், லாரி ஓட்டுகிறவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். ஓடும் காரில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதுகிறது. நின்றால் அது கிடைப்பதில்லை என்பார்கள். உழும் டிராக்டரின் வேகத்துக்கு எதிர்க்காற்று எங்கே வரப்போகிறது? அதற்கு ஓடினாலும் நின்றாலும் விசிறிக் காற்று ஒன்றுதான் கதி.

எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனிக்கவேண்டும். ரோட்டவேட்டர் போட்டுக் கடுமையாக உழுதுவிட்டுத் திடீரென்று ஆக்சிலேட்டரைக் குறைத்தால், ஹெட்டிலும் சிலிண்டரிலும் தங்கியுள்ள சூடு தண்ணீரில் இறங்குகிறது. விசிறியோ அதே நேரத்தில் மெதுவாகிவிடுகிறது. முள் ஓரிரு நிமிடம் சற்று ஏறிப் பிறகு இறங்கும். இது கோளாறு அல்ல. இதற்காகத்தான் வேலை முடிந்ததும் 3 முதல் 5 நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்தவேண்டும் என்பது. உடனே நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, ஹெட்டைச் சுற்றியுள்ள தண்ணீர் அங்கேயே கொதிக்கும். டர்போ உள்ள என்ஜினுக்கு இந்த வழக்கம் இன்னும் அவசியம்.

காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, வேலையே வாங்காமல் நிறுத்தி வைத்தபோதும் முள் ஏறிக்கொண்டே போனால் அது கோளாறுதான். முள் சிவப்பைத் தொடும் முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுமை எதுவும் இல்லாமல் ஆக்சிலேட்டரைச் சற்றுக் கூட்டி, 1,200 முதல் 1,500 சுற்று வரை ஓடவிடுங்கள். சில நிமிடங்களில் முள் இறங்கினால், ஸ்லோவில் காற்றோ தண்ணீரோ போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். தண்ணீர்க் குறைவு, தளர்ந்த பெல்ட், தேய்ந்த பம்பு, உள்ளே சிக்கிய காற்று ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். முள் இறங்காமல் மேலும் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

தண்ணீர் அளவை என்ஜின் நன்றாக ஆறிய பிறகே பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே பொங்கிவிடும். இதே காரணத்தால், ரப்பர் வளையம் நைந்த மூடியும் தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கவைக்கும். ஒரு மூடியின் விலைக்குப் பயந்து ஹெட்டை இழப்பது வீண்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். அதிகம் தளர்ந்தால் வழுக்கும். பல டிராக்டர்களில் விசிறியையும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆகவே சூடேறும்போது சார்ஜ் விளக்கும் எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பார்க்கவேண்டும். சமீபத்தில் பட்டறைக்குப் போய்வந்த வண்டியானால், விசிறி முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி மாட்டினாலும் காற்று அதே பக்கம்தான் போகும். ஆனால் வேகம் மிகவும் குறைந்துவிடும்.

கதிர் அடிக்கும் களத்தில் நின்ற வண்டியின் ரேடியேட்டர் கண்களில் தூசும் பதரும் அப்பிக்கொள்ளும். விசிறி முன்னாலிருந்து காற்றை இழுப்பதால், சுத்தம் செய்யும்போது விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடிக்கவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போகும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

உள் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் குழாய்களுக்குள் பாத்திரத்தில் படிவதுபோல் வெள்ளைப் படிவு ஏறும். கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுவதே நல்லது. அவசரத்துக்குச் சுத்தமான மழைத்தண்ணீர் போதும்.

சூடேறிய என்ஜினை நிறுத்திவிட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். மேல் ஹோஸே அதிகம் சுடவில்லையென்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்பு தண்ணீரைத் தள்ளவில்லை. மேலே கொதித்துக் கீழே குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சினால் அதில் பொறித்துள்ள டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்கவேண்டும். அதே தண்ணீரில் வைத்துப் பார்க்க 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. மீட்டர் பொய் காட்டுகிறதா என்பதையும் இந்த வெப்பமானியைக் கொண்டு ரேடியேட்டர் தண்ணீரில் பார்த்துவிடலாம்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றி எறிகிற மெக்கானிக்குகள் உண்டு. இதை ஏற்பதற்கில்லை. போதிய சூடு ஏறாத என்ஜின் டீசலை அதிகம் குடிக்கும். சிலிண்டர் விரைவில் தேயும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு அதிகமாவதும் உண்டு.

ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வருவது, ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைவது, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதற்கு அறிகுறி. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டால் ஒரு நடைகூட ஓட்டாதீர்கள், பேரிங்குகள் கெட்டுவிடும்.

வழியில் கொதித்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரை எடுத்து ஊற்றாதீர்கள். ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கும். நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மூடியைக் கனமான சாக்கால் போர்த்தி, சிறிது சிறிதாகத் திறந்து ஊற்றவேண்டும்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தச் சோதனைகள் உதவும். வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து தண்ணீரையும், டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலையும் பார்த்து, உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஸ்லோவில் நிறுத்தி வையுங்கள். முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.