பூனைக்கு மீனும் பன்றிக்கு வெடியும்: உயிர் இரக்கம் எதுவரை?

எழுவான்கரையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். படித்துவிட்டு ஊர் திரும்பிய மகள் மீன், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. வீட்டுப் பூனைக்கும் சோறும் பருப்பும் போதும் என்கிறாள். தந்தைக்கோ படுவான்கரையில் வயல். வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் இரவெல்லாம் வாடியில் காவல். ஒரு பன்றிக்கூட்டம் இறங்கினால் வட்டிக்கு வாங்கிய பணமும் நெல்லும் ஒரே இரவில் போய்விடும். அவர் பன்றியைக் கொல்லவும் தயங்கமாட்டார்.

இருவரில் யார் சரி? இதற்கு விடை காண முதலில் சில உண்மைகளை அறிந்துகொள்ள வேண்டும்.

பூனையின் உடல்

விலங்குகளிலிருந்து பெறப்படும் எதையும் ஏற்காத நெறியை இன்று நனிசைவம் என்பர். இதற்கான சங்கம் 1944இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. மனிதர் திட்டமிட்டு உண்டால் இந்நெறியில் நலமாக வாழலாம். நாய்கூட ஓரளவுக்குச் சமாளிக்கும். பூனை அப்படியல்ல; அது பிறவியிலேயே ஊனுண்ணி.

டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் அது இல்லை. மனித உடல் இதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு செய்ய முடியாது. டோரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இலும் அமெரிக்க ஆய்வாளரால் காட்டப்பட்டன. கரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் நிறச்சத்தை நாம் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனைக்கு அதுவும் இயலாது.

செயற்கை டோரின் சேர்த்த மரக்கறித் தீன் வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. அதைப் பற்றி மிருக வைத்தியரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நமது குசினியில் அதைச் செய்யவும் முடியாது. எனவே சோறும் பருப்பும் மட்டும் கொடுத்துப் பூனை வளர்ப்பது இரக்கமாகாது. மெல்ல மெல்ல அதன் கண்ணையும் இதயத்தையும் கெடுப்பதாகும்.

அதற்காகப் பூனைக்கென்று தனியாக ஓர் உயிரைக் கொல்லவும் தேவையில்லை. மீன் வெட்டும்போது கழிக்கும் தலையும் ஓரச் சதையும் போதும். அவற்றை உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் அவித்து, முள்ளை நீக்கி, அவித்த தண்ணீரையும் சோற்றில் பிசைந்து கொடுங்கள். டோரின் தண்ணீரில் கரைவதால் அதை ஊற்றிவிடக் கூடாது. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் விற்றமின் பி1 அழியும். வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே கறிமிச்சம் வேண்டாம். மீன் மட்டுமே கொடுக்காமல் இடையிடையே கோழியின் ஈரலையும் இதயத்தையும் சிறிதளவு சேர்ப்பது நல்லது.

வந்தேறிகளும் மண்ணின் உயிர்களும்

உலகின் மிக மோசமான நூறு வந்தேறி உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் வெளியிட்டுள்ளது. நமது குளங்களை மூடும் ஆற்றுவாழை அதில் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா உண்டு. வீட்டுப் பூனையும் உண்டு! அவுஸ்திரேலியாவில் காட்டுப் பூனைகளாக மாறியவை அருகிவரும் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்ததால், இருபது இலட்சம் பூனைகளைக் கொல்ல அந்நாட்டு அரசு 2015இல் திட்டம் அறிவித்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுபவர், பின்னால் வரப்போகும் கொலைக்கு இன்றே வழி செய்கிறார். பூனைக்குக் கருத்தடை செய்விப்பதே உண்மையான இரக்கம். திலாப்பியாவைப் பொறுத்தவரை, அது உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களை நம்பியிருப்போரின் சோறு. அதைப் பிடித்து உண்பதால் குளத்துக்குக் கேடில்லை.

காட்டுப்பன்றியும் குரங்கும் வேறு வகை. பன்றி அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வந்தேறி; இங்கே அது மண்ணின் பிராணி. நம் செங்குரங்கு இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது வழக்கும் எதிர்ப்பும் கிளம்பின, திட்டம் நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம், நாடெங்கும் குரங்கு, மயில், மரஅணில் ஆகியவற்றை மக்களே எண்ணினார்கள். விவசாயியின் நட்டம் அவ்வளவு பெரிது.

ஆனால் இவை ஊருக்குள் வருவதற்கு நாமும் காரணம். காட்டை வெட்டினோம், குப்பையைத் திறந்து கொட்டினோம். பன்றியைத் தின்னும் சிறுத்தையின் இடமும் சுருங்கியது.

எப்படிக் கொல்வது என்பதும் கேள்வியே

தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் பன்றிக்கென்று வைக்கப்படுகிறது. கடிப்பது பல வேளைகளில் யானைக்கன்று. வாய் சிதறிய பிராணி தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சினால் பன்றியோடு பக்கத்து வயல்காரனும் சாகிறான். இவ்விரண்டும் சட்டப்படி குற்றம், மனச்சாட்சிப்படியும் குற்றமே.

எந்த உயிரின்மீதும் கைவைக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்:

1. தேவை உண்மையானதா, அல்லது கோபமும் இறைச்சி ஆசையுமா?
2. கூட்டுக்காவல், வேலி, குப்பை ஒழுங்கு ஆகியவற்றைச் செய்து பார்த்தோமா?
3. குறித்த பிராணி மட்டும், வேதனை நீளாமல் சாகுமா?
4. கொன்றபின் தொல்லை குறையுமா, அடுத்த போகத்தில் இன்னொரு கூட்டம் வருமா?

விலங்குகளை உணவுக்குப் பயன்படுத்தலாம் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதோ கொல்வதோ மனித மாண்புக்கு ஒவ்வாதது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. நம் சைவ அயலவருக்கும் கொல்லாமை பெரிய அறம். ஆனால் வாடியில் விழித்திருக்கும் ஏழையின் பசியை மறந்துவிட்டு அறம் பேசுவது இலகு. அவருக்குத் தக்க வேலியும், காலந்தாழ்த்தாத நட்டஈடும் கிடைக்க நாம் குரல் கொடுத்தோமா? அப்படிச் செய்யாமல் அவரை மட்டும் குற்றம் சாட்டுவது நீதியல்ல.

மகள் தன் உணவை விட்டது நல்ல தியாகம். தன் தியாகத்தைப் பூனைமேல் சுமத்தாதிருந்தால் அது நிறைவு பெறும். தந்தை வயலைக் காப்பது கடமை. ஹக்கபட்டாசை விட்டுவிட்டு அயல் வயல்காரரோடு முறைவைத்துக் காவல் இருந்தால் அக்கடமையும் நிறைவு பெறும்.

குழுவில் சிந்திக்க: நமது ஊரில் பிராணிகளால் அதிகம் நட்டப்படுபவர் யார்? நட்டத்தைக் குறைக்க இந்தப் போகத்தில் நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியம் எது?