காலாவதி வேறு, கழிப்பது வேறு

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். தரவுத்தளத்திலிருந்து எடுத்ததை நினைவகத்தில் கேஷாக வைக்கிறோம். ஐந்து நிமிடம்தான் செல்லும் என்று விதிக்கிறோம். உடனே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டைமர் வைக்கக் கை பரபரக்கும். பத்து லட்சம் பதிவுக்குப் பத்து லட்சம் டைமரா? வேண்டாம்.

மருந்துக் கடையைப் பாருங்கள். தேதி முடிந்த அட்டை அலமாரியில் கிடந்தால் பரவாயில்லை, வாங்குபவர் கைக்குப் போய்விடக் கூடாது. கொடுக்கும்போது தேதி பார்ப்பது ஒரு வேலை. ஓய்ந்த நேரத்தில் பழையதைக் கழிப்பது இன்னொரு வேலை. கேஷிலும் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பதிவோடு அது முடியும் நேரத்தையும் எழுதி வைத்தால், யாராவது கேட்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, நேரம் கடந்திருந்தால் 'இல்லை' என்று சொல்லி அப்போதே அழித்துவிடலாம்.

யாருமே கேட்காத பதிவு? இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இதற்கு, 2009இல் வெளிவந்த ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் நெடுங்காலம் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நொடிக்குப் பத்து முறை, ஆயுள் விதித்த பதிவுகளில் 20ஐக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்க்கும். முடிந்தவற்றை அழிக்கும். கால்வாசிக்கு மேல் முடிந்திருந்தால் உடனே இன்னொரு 20, இல்லையென்றால் விட்டுவிடும். குப்பை கூடினால் வேலை கூடும், குறைந்தால் குறையும். ஆனாலும் நேர வரம்பு உண்டு. கட்டளைகளை ஒரே இழையில் நடத்துகிற மென்பொருள், கழிப்பதிலேயே மூழ்கினால் மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் என்றால் இந்தக் குலுக்கல்கூட வேண்டாம். வந்த வரிசையிலேயே முடியும். வரிசையின் தலையை மட்டும் பார்த்தால் போதும். ஆயுள் பலவிதமானால், ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987இல் விவரித்த டைமர் சக்கரம் இருக்கிறது: நொடிக்கு ஒரு கட்டம், முடியும் நொடிக்குரிய கட்டத்தில் பதிவு, முறை வரும் கட்டத்தை மட்டும் பார்த்துக் காலிசெய்வது. ஜாவாவின் கஃபைன் நூலகம் இதன் அடுக்கு வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

இன்னொன்று. ஒரே நேரத்தில் ஏற்றிய பதிவுகள் ஒரே நேரத்தில் முடிந்து, அத்தனை கோரிக்கையும் தரவுத்தளத்தின் தலையில் விழும். ஒவ்வொன்றின் ஆயுளையும் சில நொடிகள் முன்பின்னாக வையுங்கள்.

ஆயுளைக் குறிக்கும் எண்ணை, மெம்கேஷ்ட் என்ற கேஷ் மென்பொருளில் நொடிகளாகக் கொடுக்கும்போது கவனம். 30 நாள்வரை அதை ஆயுள் என்று எடுத்துக்கொள்ளும். தாண்டினால் 1970இலிருந்து எண்ணும் யூனிக்ஸ் நேரம் என்று கொள்ளும். 31 நாளை நொடிகளாக்கிக் கொடுத்தால் அது 1970 பிப்ரவரி 1. 'வைத்தாயிற்று' என்றுதான் பதில் வரும். எடுக்கப் போனால் இருக்காது.