செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன்

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே ஒரு மென்பொருள் விழித்துக்கொள்கிறது. மதர்போர்டில் ஒரு சிப்பில் குடியிருக்கும் அதன் பெயர் யூஇஎஃப்ஐ. நம் வாயில் இன்னும் பயாஸ்தான். இயங்குதளத்தைக் கிளப்பும் பூட்லோடரைத் தேடிப்பிடித்துப் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வேலை. யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பழைய பயாஸ் பார்த்ததே இல்லை. 1986-இல் லாகூரில் எழுதப்பட்ட ‘பிரெயின்’ வைரஸ் ஃபிளாப்பியின் பூட் செக்டரில் போய் உட்கார்ந்ததற்கு அதுவே வசதியாகிவிட்டது.

2012-இல் விண்டோஸ் 8-உடன் பரவலான செக்யூர் பூட், பூட்லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தைத் தன்னிடமுள்ள சாவிகளால் சரிபார்க்கும். பொருந்தாவிட்டாலோ தடைப்பட்டியலில் இருந்தாலோ உள்ளே விடாது. கையொப்பம் சரியாக இருந்து உள்ளே ஓட்டை இருந்தால் அதற்குத் தெரியாது. 2023-இல் அம்பலமான ‘பிளாக்லோட்டஸ்’ என்ற தீம்பொருள், முறையாகக் கையொப்பமிட்ட, ஓட்டையுள்ள பழைய பூட்லோடரையே கையோடு கொண்டுவந்து நுழைந்தது.

லினக்ஸ் போட வேண்டுமென்றால் செக்யூர் பூட்டை அணைத்தே ஆகவேண்டும் என்பது பழைய கதை. உபுண்டு, ஃபெடோரா இரண்டும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்னும் சிறு பூட்லோடர் வழியாகக் கிளம்புகின்றன. என்விடியா டிரைவர் அடம்பிடித்தால், சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கிப் பதிந்துகொள்ளலாம். கையொப்பமே இல்லாத சிஸ்டத்துக்குத்தான் அணைப்பது எளிய வழி.

அணைக்கத்தான் வேண்டுமென்றால், கணினி கிளம்பும்போது டெலீட் அல்லது எஃப்2. பிறகு பூட் அல்லது செக்யூரிட்டி பக்கம். சில ஏசஸ் மதர்போர்டுகளில் ‘டிஸேபிள்’ கண்ணில் படாது, ‘அதர் ஓஎஸ்’ என்று மாற்ற வேண்டும். சில ஏசர் லேப்டாப்களில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைக்கும்வரை அந்த வரி மங்கியே கிடக்கும்.

உண்மையான வம்பு, விண்டோஸின் வட்டு என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் வட்டு சத்தமில்லாமல் என்கிரிப்ட் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. அதன் சாவியைக் காப்பது டிபிஎம் என்னும் பாதுகாப்பு சிப். கிளம்பும் சூழல் மாறவில்லை என்று உறுதியானால்தான் டிபிஎம் சாவியைத் தரும். செக்யூர் பூட்டை அணைப்பதும் மாற்றம்தானே! அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கைவசம் இல்லையென்றால் படமும் போகலாம், பாடமும் போகலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள்; பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பயாஸுக்குள் போங்கள்.

மறுபடி ஆன் செய்வதற்கும் அதே மெனுதான். விண்டோஸ் 11-இல் ‘வேலரன்ட்’ ஆடுபவர்கள் செய்தே ஆகவேண்டும். அந்த விளையாட்டின் காவல் மென்பொருள் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது.