ஒன்பது நோபல்களும் ஒரு வடிகட்டியும்

டீ ஆறுவதற்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மாநகர நிர்வாகம் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பிராங்ஸ் ஹை ஸ்கூல் ஆஃப் சயின்ஸ் என்று பெயர். 1938-இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது. இங்கே படித்தவர்களில் ஒன்பது பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேர் இயற்பியலுக்கு மட்டும். முழு நாடுகளே இந்த எண்ணிக்கையைத் தொடாமல் இருக்கின்றன.

முதலில் ஆண் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்தார்கள். 1946-இல்தான் பெண் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அப்படி நுழைந்து 1963-இல் படிப்பை முடித்தவர் கிளாடியா கோல்டின். நுண்ணுயிரியல் படிக்கும் ஆசையில் இருந்தவர், பிறகு பொருளாதாரத்துக்குத் திரும்பினார். பெண்களின் சம்பளம் ஏன் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே நிற்கிறது என்று இருநூறு ஆண்டு அமெரிக்க ஆவணங்களைத் துருவிப் பார்த்து 2023-இல் நோபல் பெற்றார். விஞ்ஞானம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நாவலாசிரியர் டாக்டரோ, கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல், பாடகர் பாபி டாரின் எல்லோரும் இங்கேதான் படித்தார்கள்.

இதைக் கேட்டதும் நம் வாயில் வரும் அடுத்த கேள்வி, “அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?” என்பது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. இதற்கும் இன்னும் சில பள்ளிகளுக்கும் சேர்த்து, ஆண்டுதோறும் பல்லாயிரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். கொஞ்சம் பேருக்குத்தான் இடம். அதாவது பள்ளி பாடத்தை ஆரம்பிக்கும் முன்பே முறத்தில் போட்டுப் புடைத்தாகிவிட்டது. நம் கையிலிருக்கும் டீ தெளிவாக இருக்கிறதென்றால் அது வடிகட்டியின் வேலை. ருசி தூளிலிருந்து வந்தது. நாமோ வடிகட்டியைத் தூக்கிப் பிடித்து, என்ன மணம், என்ன திடம் என்கிறோம்.

சரி, பள்ளிக்கு ஒரு பங்குமா இருக்காது? இருக்கலாம். அதை எப்படித் தனியே பிரித்துப் பார்ப்பது? இதற்கு ஓர் அழகான வழி உண்டு. ‘கட்-ஆஃப்’ என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அது சட்டென்று பிடிபடும். அரை மார்க்கில் உள்ளே போனவனையும் அரை மார்க்கில் வெளியே நின்றவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் புத்தியில் என்ன பெரிய வித்தியாசம்? அன்றைக்கு ஒருவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், ஒரு கேள்வி குருட்டாம்போக்கில் சரியாகியிருக்கலாம். ஏறக்குறைய ஒரே பிள்ளைதான். பள்ளி மட்டும் வேறு. ஆகவே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்பவர்களை மட்டும் எடுத்து, சில ஆண்டு கழித்து ஒப்பிட்டால், தெரிகிற வித்தியாசத்தைப் பள்ளியின் கணக்கில் எழுதலாம்.

அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இதைத்தான் செய்தார்கள். அடுத்தடுத்த தேர்வுகளில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. 2014-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘மாயை’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு வார்த்தை. அந்த ஆய்வு அளந்தது கோட்டை ஒட்டி நின்ற பிள்ளைகளை. அதுவும் பெரும்பாலும் மார்க்கை வைத்து. உச்சியில் நிற்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு பிராங்ஸ் பள்ளியில் 1950-இல் படிப்பை முடித்த வகுப்பைப் பார்க்க வேண்டும். ஷெல்டன் கிளாஷோ ஒரு பிளம்பரின் மகன். ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஜெரால்டு ஃபைன்பெர்க்கும் வகுப்புத் தோழர்கள். இயற்பியல் கற்க நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் தூண்டிக்கொண்டோம், அதுவும் சுரங்க ரயிலில் போய்வரும் நேரத்தில் என்று கிளாஷோ பின்னாளில் எழுதினார். ரயில் பெட்டிக்குள் புத்தகப் பையோடு மூன்று பையன்கள்! அவர்களில் கிளாஷோவும் வைன்பெர்க்கும் 1979-இல் அப்துஸ் சலாமோடு நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். மூன்றாமவர் ஒளியைவிட வேகமாகப் போகும் கற்பனைத் துகளுக்கு ‘டாக்கியான்’ என்று பெயர் வைத்தவர். வடிகட்டி ஒருவேளை செய்த பெரிய உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரே கிறுக்குப் பிடித்தவர்களை ஒரே ரயிலில் ஏற்றிவிட்டது.

வடிகட்டியே இல்லாவிட்டால்? அதே நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஜேம்ஸ் மேடிசன் பள்ளி. அந்த நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நடந்துபோய்ச் சேர்ந்த சாதாரணப் பள்ளி. அங்கிருந்து ஐந்து நோபல்கள்: ஸ்டான்லி கோஹன், ராபர்ட் சோலோ, கேரி பெக்கர், மார்ட்டின் பெர்ல், ஆர்தர் ஆஷ்கின். போதாததற்கு உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ், பாடகி கேரல் கிங். அந்தப் பகுதியில் அப்போது குடியேறிய யூதக் குடும்பங்கள் நிறைய. பிள்ளை படித்தால்தான் கரையேறலாம் என்று வீட்டிலேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது.

மாயை என்று எழுதினாரே, அந்த ஆங்ரிஸ்ட்டுக்கும் 2021-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் படித்தது பிட்ஸ்பர்க் நகரின் டெய்லர் ஆல்டர்டைஸ் என்ற மாநகரப் பள்ளியில். அதன் புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பட்டியலில் ராப் பாடகர்கள் விஸ் கலீஃபாவும் மேக் மில்லரும் உண்டு. கலீஃபா 2012-இல் ஒரு பாடல் தொகுப்புக்குப் பள்ளியின் பெயரையே வைத்துவிட்டார். உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஆங்ரிஸ்ட்டை விட்டுவிட்டு இந்த இரண்டு பேரையும்தான் தெரியும் என்று சொல்லும்.