வாக்குறுதிக்கும் சான்றட்டை கேளுங்கள்

நெல் விதை வாங்கப் போகும் விவசாயி, மூட்டையைக் கண்டதும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் புரட்டிப் பார்க்கிறார். சான்று பெற்ற விதையானால் நீல நிற அட்டை இருக்க வேண்டும். ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதனை செய்த தேதி, எந்தத் தேதி வரை விதைக்கலாம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறன் வேண்டும் என்பது விதி. அட்டை பார்க்காமல் நாற்றங்கால் விட்டவருக்கு ஒரு போகம் நஷ்டம்.

ஓட்டு விஷயம் ஒரு போகத்தோடு போவதில்லை. 5 ஆண்டுகளுக்கு அதன் பலனை அனுபவித்தாக வேண்டும். ஆயினும், "வாய்க்காலைத் தூர் வாருவோம், களத்துமேட்டுக்கு ரோடு போடுவோம், ஓடையில் பாலம் கட்டுவோம்" என்று வேட்பாளர் சொல்லும்போது நாம் அட்டை கேட்பதில்லை. எந்த வாய்க்கால், எவ்வளவு தூரம், யார் பணத்தில், எந்தத் தேதிக்குள் என்று கேட்காமலே கை தட்டி அனுப்பி விடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கொடுத்த வாக்கை நிறைவேற்றவில்லை என்று கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இலவசப் பொருள்கள் வழங்குவதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பு அளித்தது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்பது தீர்ப்பு. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படியும் தேர்தல் கமிஷனுக்குக் கட்டளை இட்டது. அதன்படி, வாக்குறுதிக்குரிய காரணத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் சொல்ல வேண்டும் என்று 2014-ல் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள்.

ஆகவே, வாக்கைக் காப்பாற்றாதவரைப் பதவியிலிருந்து இறக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால், "பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி என்பதைத் தேர்தல் கமிஷனே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

மயிலாப்பூர் கால்வாய் தரும் பாடம்

பட்டணத்தில் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று கிராமத்தில் நினைப்பதுண்டு. மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், பஞ்ச நிவாரண வேலையாகக் கூவம் நதியையும் அடையாற்றையும் இணைத்துச் சுமார் 8 கி.மீ. தூரத்துக்கு வெட்டிய பகுதி இது. ஆந்திரத்திலுள்ள பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளமுள்ள நீர்வழியில் அரிசியும் விறகும் உப்பும் படகில் வந்து இறங்கின. 1965, 1966-ம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து நலிந்தது. 1997-ல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தபோது அதன் தூண்கள் கால்வாயிலேயே எழுந்தன. 2008-ல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களைச் சேர்த்துத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். மயிலாப்பூரில் படகு வரவில்லை, சாக்கடைதான் ஓடுகிறது.

"கால்வாயைச் சுத்தம் செய்வோம்" என்பது சென்னைக்கு மிகவும் பழகிப்போன பேச்சு. ஆனால் அந்த ஒரு கால்வாய்க்கு எத்தனை பொறுப்பாளிகள் என்று பாருங்கள். கால்வாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சியின் வேலை. மேலே ஓடும் ரயிலுக்கு நிர்வாகம் வேறு. எந்த இலாகா எந்த வேலையைச் செய்யும் என்று சொல்லாத வாக்குறுதி, இந்த ஆபீசுகளுக்கு இடையே அலைந்து மடிந்து போகிறது.

நம் ஊர் ஏரிக்கும் இதே கதிதான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ரோட்டிலும் ஊராட்சி ரோடு, ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலைத் துறை ரோடு என்ற பிரிவுகள் உண்டு. இது தெரியாமல் மனு எழுதினால் மனு மேஜைக்கு மேஜை போகும். மடை அடைத்தபடியே கிடக்கும்.

விவசாயிகள் செய்து பார்த்தவை

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டது பலருக்கு நினைவிருக்கும். தங்கள் குறைகளை யாரும் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் திரள் திரளாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகம்போல் அச்சடிக்க வேண்டியிருந்தது. தேர்தலையும் தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். குடிநீரில் புளோரைடு நஞ்சு, பாசனத்துக்குக் கிருஷ்ணா நீர் வராத குறை ஆகியவற்றை நாடு அறியச் செய்வது அவர்கள் நோக்கம்.

நாடு அறிந்தது. ஆனால் உடனே கிடைத்த பதில் வேறு. அந்த ஆண்டே சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்கொண்டாவுக்கு நீர் கொண்டுவர வேண்டிய ஸ்ரீசைலம் சுரங்க வேலையோ இழுத்துக்கொண்டே போயிற்று. 2025 பிப்ரவரியில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து 8 பேர் சிக்கிக்கொண்டார்கள். ஒரு தேர்தலில் எழுப்பும் கூச்சல் கவனத்தைத் திருப்பும். வேலை முடிய வேண்டுமானால் அதன் பிறகும் விடாமல் பின்தொடர வேண்டும்.

2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் வேறொரு வழியும் கண்டார்கள். அங்கே போட்டியிட்ட 185 பேரில் 178 பேர் விவசாயிகள். பா.ஜ.க. வேட்பாளர் தர்மபுரி அரவிந்த், வெற்றி பெற்றால் 5 நாளில் மஞ்சள் வாரியம் கொண்டு வருவதாகவும், இல்லையேல் ராஜினாமா செய்வதாகவும் பத்திரத் தாளில் எழுதிக் கொடுத்தார். வெற்றியும் பெற்றார். 5 நாளில் வாரியம் வரவில்லை. ஆனால் அந்தப் பத்திரம் அவரை விடவில்லை. போகுமிடமெல்லாம் அதைப் பற்றியே கேள்வி. "இதுதான் எங்கள் எம்.பி. கொண்டுவந்த மஞ்சள் போர்டு" என்று ஊரில் மஞ்சள் நிறப் பலகைகளை மாட்டி வைத்தார்கள். 2023 அக்டோபரில் மத்திய அரசு தேசிய மஞ்சள் வாரியத்தை அறிவித்தது. 2025 ஜனவரி 14 அன்று அது தொடங்கியது. 5 நாள் என்றது 5 ஆண்டுகளையும் தாண்டிவிட்டது உண்மை. ஆயினும், தேதி போட்டு எழுதி வாங்கியதால்தான் எத்தனை நாள் தாமதம் என்று விவசாயி விரல் விட்டு எண்ண முடிந்தது.

நம் மாநிலத்தில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் சுமார் 60 ஆண்டுக் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் முழங்கிய திட்டம் அது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் மக்கள் பல நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்து வைத்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி., 6 நீரேற்று நிலையங்கள், 1,045 ஏரி குளம் குட்டைகள், 24,468 ஏக்கர் பாசனம் என்று கணக்கு வந்த பிறகுதான் பழைய முழக்கம் திட்டமாயிற்று. கணக்கு இருப்பதால் ஒவ்வொரு ஊராரும் "எங்கள் குட்டை பட்டியலில் உண்டா, அதற்குத் தண்ணீர் வந்ததா?" என்று கேட்க முடிகிறது.

அட்டையில் இருக்க வேண்டியவை

வேட்பாளர் ஊருக்கு வரும் முன்பே விவசாயிகள் ஒன்றுகூடி இரண்டு அல்லது மூன்று வேலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதி வைக்க வேண்டும். 20 கோரிக்கை எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வேலைக்கும் கீழ்க்கண்ட 5 விவரங்கள் தேவை.

1. இடம்: வாய்க்காலின் பெயர், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, சர்வே எண்.

2. அளவு: எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், ரோடானால் நீளமும் அகலமும்.

3. இலாகா: வேலையைச் செய்ய வேண்டிய ஆபீஸ் எது.

4. பணம்: தொகுதி மேம்பாட்டு நிதியா, ஒன்றிய நிதியா, மாநிலத் திட்டமா.

5. தேதி: மதிப்பீடு தயாராவது எப்போது, வேலை முடிவது எப்போது. "விரைவில்" என்ற சொல்லை ஏற்கக் கூடாது.

இதை எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே மாதிரி கொடுத்துக் கையெழுத்து கேளுங்கள். கையெழுத்திட மறுப்பவர் யார், "இது என்னால் ஆகாது, அதைச் செய்கிறேன்" என்று நேர்மையாகத் திருத்தி எழுதுபவர் யார் என்பது ஊருக்குத் தெரியட்டும். திருத்தி எழுதுபவரை மதிக்க வேண்டும். அவர் கணக்குத் தெரிந்தவர்.

ஓர் எச்சரிக்கை. ஊர்ப் பொதுவுக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவதும் லஞ்சமே. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அது மட்டுமல்ல, கும்பாபிஷேகத்துக்குப் பணம் வாங்கிய ஊருக்கு அப்புறம் வாய்க்காலைப் பற்றிக் கேட்க வாய் வராது.

எங்கள் ஒரு கிராமத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். மயிலாப்பூருக்குப் பக்கத்துத் தொகுதியான தியாகராய நகரில் 2021-ல் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 137 ஓட்டு. ஒரு குக்கிராமத்தில் அதற்கு மேல் ஓட்டு உண்டு.

ஓட்டுப் போட்ட பிறகு

களை எடுக்காத பயிர்போல, கவனிக்காத வாக்குறுதியும் வீணாகும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லாத காலத்திலும் தனி அலுவலர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கையெழுத்து வாங்கிய வேலையை அங்கே தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலும் கேட்டு வாங்குங்கள்.

எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி 2019-ல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்தது. எம்.பி. நிதி 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். உங்கள் தொகுதியில் அது எந்தெந்த வேலைக்குப் போயிற்று என்ற பட்டியலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்கலாம்.

வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கேள்விகளை எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, அந்த ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு முதல் முறையீடு. அதற்கும் பலன் இல்லையேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் முறையீடு.

மதிப்பீட்டின் நகலையும், வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளில் மாதிரி எடுக்கவும் இதே சட்டம் உரிமை தருகிறது. தூர் வாரிய வாய்க்காலை டேப் வைத்து நீங்களே அளந்து, புத்தகத்தில் உள்ள அளவோடு ஒத்துப் பாருங்கள்.

கையெழுத்திட்ட தாள், தீர்மான நகல், அனுப்பிய மனு, வந்த பதில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, ஊரில் பொறுப்பான இருவரிடம் கொடுத்து வையுங்கள். விதை முளைக்காவிட்டால் அட்டையை வைத்துத்தானே விதை ஆய்வாளரிடம் புகார் செய்கிறோம்? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்று அந்தக் கோப்பை எடுத்து வையுங்கள்.