இரும்புக் கையும் பச்சை நாகமும்

ஒரே புத்தகத்தில் தொடங்கி முடியும் சூப்பர் ஹீரோ கதைகளில் எது தேறும்? பரண் காலியாகும் நேரத்தில் எழும் கேள்வி இது.

தில்லி சரோஜினி நகரை நாடறியச் செய்தவை அதன் மலிவு விலைத் துணிக்கடைகள். ஆனால் விநய் நகர் என்ற பழைய பெயரில் அது உருவானது மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாகத்தான். குமாஸ்தாவாக வந்து பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்ற தமிழர்கள் பலர் அங்கே வாழ்ந்தார்கள். தென் தில்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகரும் அவற்றில் ஒன்று.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பெரிய பிரச்சினை பரண். அங்கிருந்து இறங்கும் காமிக்ஸ் கட்டு, தராசோடு வரும் கபாடிவாலாவுக்கு வெறும் எடை. வைத்திருந்தவருக்கோ அது பால்யம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள புது ஃபிளாட்டில் இடம் இருக்காது. தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

தில்லித் தமிழ் வீட்டுக் கட்டுகளில் இரண்டு மொழிகள் இருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வந்தவை சிவகாசியின் முத்து, லயன் காமிக்ஸ்கள். உள்ளூர்க் கடையில் வாடகைக்கு எடுத்துப் படித்தது இந்தி ராஜ் காமிக்ஸ். பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது. அந்த எழுத்தைத் தடுக்காமல் படிக்கும் வேகத்தைக் கொடுத்ததில் இரும்புக்கை மாயாவிக்கும் பங்கு உண்டு.

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த மாயாவி, பிறப்பால் பிரிட்டிஷ்காரர். 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் அறிமுகமானவர். ஓவியர் ஸ்பெயினின் ஜீசஸ் பிளாஸ்கோ. வலது கைக்குப் பதில் எஃகுக் கை பொருத்திய லூயிஸ் கிராண்டல், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்து போவார். ஆனால் அந்தக் கை மட்டும் தெரியும். சக்தியும் நிலைக்காது, மறுபடி மின்சாரத்தைத் தேட வேண்டும்.

தனிக்கதையை எடைபோட முதல் அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது: சக்திக்கு ஒரு விலை இருக்க வேண்டும். எதையும் செய்ய வல்லவன் என்றால் பதற்றம் எங்கிருந்து வரும்? அந்தரத்தில் மிதக்கும் இரும்புக் கையை ஒரு கட்டத்தில் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடுகிறது. முன்கதைச் சுருக்கம் தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இக்கதைகளில் பல வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களாக வந்த தொடர்கள். அவற்றைத் தொகுத்து முழுக்கதை ஆக்கியவை தமிழ்ப் பதிப்புகள். அதனால்தான் சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்புகிறான். வாரம் ஒருமுறை படித்தவனுக்கு அது விறுவிறுப்பு. ஒரே மூச்சில் படிப்பவனுக்கு நாலாவது முறை அலுப்பு. லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் கதைகளிலும் இது தெரியும். அவற்றில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், 1938-ல் சூப்பர்மேனைத் தந்த இருவரில் ஒருவர். பெரிய பெயர் மட்டும் கதையைத் தேற்றிவிடாது.

ராஜ் காமிக்ஸின் கதை வேறு. 1986-ல் தில்லியில் பிறந்த நாகராஜ், தொடக்கத்திலிருந்தே புத்தகத்துக்கென எழுதப்பட்டவன். முதல் கதையில் அவன் வீரனே அல்ல. பேராசிரியர் நாகமணி தயாரித்து, பயங்கரவாதிகளுக்கு வாடகைக்கு விடும் உயிருள்ள ஆயுதம். பாபா கோரக்நாத் விடுவித்த பிறகுதான் மனிதனாகிறான். எஃகுக் கை வந்ததும் கிராண்டலும் குற்றத்தில்தான் இறங்கினார். ஸ்பைடரோ குற்றவாளிகளுக்கெல்லாம் தலைவனாக ஆசைப்பட்டவன். மூவரும் தப்பான பக்கத்தில் தொடங்கியவர்கள். இரண்டாவது அளவுகோல் இதுதான்: கதை முடியும்போது நாயகன் மாறியிருக்கிறானா, அல்லது எதிரி மட்டும் தீர்ந்தானா?

மூன்றாவது, முடிவு கதைக்குள்ளிருந்தே வர வேண்டும். 1987-ல் அனுபம் சின்ஹா உருவாக்கிய சூப்பர் கமாண்டோ துருவாவுக்கு முதல் கதையில் அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. சர்க்கஸில் வளர்ந்தவன், அங்கே கற்ற வித்தைகளும் பள்ளி விஞ்ஞானமுமே ஆயுதம். வாசகனுக்கு முன்பே காட்டிய பொருளைக் கொண்டு அவன் ஜெயிக்கும்போது ஏமாற்றப்பட்ட உணர்வு வருவதில்லை. நாய் முகமூடி டோகாவின் கதைகளில் துப்பாக்கி வெடித்ததும் பிரச்சினை முடிகிறது. சீக்கிரம் படித்துவிடலாம். ஆனால் சுட்டபின் மிச்சமிருக்கும் கேள்வியை எழுப்பும் டோகா கதைதான் இரண்டாம் முறை படிக்கத் தாங்கும்.

சண்டையே இல்லாமலும் ஒரு கதை தேறும். 1984-ல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி ரான் ஃப்ரென்ஸ் வரைந்த சிறிய ஸ்பைடர்மேன் கதையில், தன் ரசிகனான சிறுவனைச் சந்திக்க நாயகன் ஓர் இரவு வருகிறான். பேசுகிறார்கள். முகமூடியைக் கழற்றுகிறான். சிறுவன் ரத்தப் புற்றுநோயால் சாகப் போகிறவன் என்பது கடைசியில் தெரிகிறது. எந்தச் சக்தியும் உதவாத இடத்தில் அவனால் தர முடிந்தது தன் உண்மைப் பெயரை மட்டுமே.

2000-க்குப் பிறகு ராஜ் காமிக்ஸ் பல பாகத் தொடர்களில் அதிகம் இறங்கியது. ஒரு பாகம் தொலைந்தாலும் மற்றவை அரைகுறை. தனிக்கதைக்கு அந்தப் பயம் இல்லை. அட்டை கிழிந்து, முன்னும் பின்னும் இல்லாமல், பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் கையில் போய்ச் சேர்ந்தாலும் அது முழுக்கதை. அந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்றால், கதை தேறிவிட்டது.